மறுதலிப்பும் மனந்திரும்புதலும் (கிறித்தவம்)

மறுதலிப்பும் மனந்திரும்புதலும் என்பது, திருமுழுக்குப் பெற்ற ஒருவர் அச்சம், அரச நெருக்கடி, உற்றார் உறவினரின் வற்புறுத்தல், பதவி அல்லது சொத்து மீதான பற்று முதலிய காரணங்களால் தமது நம்பிக்கையைக் கைவிட்டுப் பின்னர் அதற்காக வருந்தித் திரும்பி வருவதையும், அவரைத் திருச்சபை மீண்டும் ஏற்றுக்கொள்ளும் முறைகளையும் குறிக்கும். இவ்வாறு தவறியவருக்கு மன்னிப்பு உண்டா, உண்டெனில் அதை வழங்கும் உரிமை யாருக்கு உள்ளது, அவர் மீளச் சேர்க்கப்படுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்று கேள்விகளும் கி.பி. 3ஆம் நூற்றாண்டிலிருந்து கிறித்தவத் திருச்சபைகளில் விவாதிக்கப்பட்டு வந்துள்ளன. ஒப்புரவு அருட்சாதனம் எனப்படும் பாவசங்கீர்த்தனம், புரொட்டஸ்தாந்து சபைகளின் சபை ஒழுங்கு முறை ஆகியவற்றின் வளர்ச்சியில் இவ்விவாதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

தமிழர் வரலாற்றில் இப்பொருளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவது, 1658ஆம் ஆண்டுக்குப் பின் ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் அடைந்த நிலையும், 1687 முதல் யோசப் வாஸ் அடிகளார் அவர்களிடையே ஆற்றிய பணியும் ஆகும்.

சொற்பொருள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் 'மெட்டனோயா' என்னும் சொல் மனம் மாறுதல் என்று பொருள்படும். பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லான 'தெசுவா' திரும்பி வருதல் என்னும் பொருளுடையது. தமிழில் புரொட்டஸ்தாந்து வேதாகமத்தின் வழியே பரவிய 'மனந்திரும்புதல்' என்னும் சொல் இவ்விரு பொருள்களையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. தற்காலக் கத்தோலிக்க வழக்கில் 'மனமாற்றம்' என்னும் சொல் மிகுதியாகப் பயன்படுகிறது.

பழைய தமிழ்க் கத்தோலிக்க நூல்களில் பச்சாத்தாபம், மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம் ஆகிய வடமொழி வழிச் சொற்கள் காணப்படுகின்றன. தண்டனைக்கு அஞ்சாமல் இறைவன் மீது கொண்ட அன்பினால் மட்டும் எழும் வருத்தம் 'உத்தம மனஸ்தாபம்' எனப்பட்டது. கிறித்துவைத் தமக்குத் தெரியாது என்று கூறுதல் தமிழ் வேதாகமத்தில் 'மறுதலித்தல்' எனப்படுகிறது.

விவிலிய அடிப்படை

இப்பொருள் பற்றிய கிறித்தவச் சிந்தனை முழுவதற்கும் பேதுருவின் வரலாறே மையமாக அமைகிறது. இயேசு கைது செய்யப்பட்ட இரவில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்த பேதுரு, தமக்கு இயேசுவைத் தெரியாது என மூன்று முறை கூறினார். சேவல் கூவியபோது தம் தவற்றை உணர்ந்து மனங்கசந்து அழுதார். நான்கு நற்செய்தி நூல்களும் பேதுருவின் மறுதலிப்பைக் குறிப்பிடுகின்றன. திருத்தூதர்களின் தலைவராகக் கருதப்பட்டவரின் வீழ்ச்சியை ஆதித் திருச்சபை மறைக்காமல் பதிவு செய்திருப்பது குறிப்பிடத்தக்கது.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவை ஒரு கரி நெருப்பின் அருகில் சந்தித்து, தம்மை அன்பு செய்கிறாரா என மூன்று முறை கேட்கிறார். இந்நற்செய்தியின்படி பேதுரு மறுதலித்ததும் ஒரு கரி நெருப்பின் அருகிலேயே ஆகும். மூன்று மறுப்புகளுக்கு ஈடாக மூன்று முறை அன்பை அறிக்கையிட வைத்து, ஒவ்வொரு முறையும் மந்தையைப் பேணும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. மன்னிப்பு தவற்றை மூடி மறைப்பதில்லை என்பதற்கும், மன்னிக்கப்பட்டவர் முழுப் பொறுப்புக்கும் தகுதி பெறுகிறார் என்பதற்கும் விரிவுரையாளர்கள் இப்பகுதியைச் சான்றாகக் காட்டுவர்.

பேதுருவுக்கு எதிர்நிலையாக யூதாசு இசுக்காரியோத்து வைக்கப்படுகிறார். மத்தேயு நற்செய்தியின்படி யூதாசும் வருந்தினார். தாம் பெற்ற முப்பது வெள்ளிக்காசுகளைத் திருப்பிக் கொடுத்துத் தம் குற்றத்தை வாயால் ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஆயினும் அவர் மன்னிப்பைத் தேடாமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆகவே வருத்தம் மட்டும் மனந்திரும்புதல் ஆகாது, மன்னிப்பு உண்டு என்னும் நம்பிக்கையும் அதனுடன் சேர வேண்டும் என்பது மரபு வழி விளக்கமாகும்.

லூக்கா நற்செய்தியில் வரும் ஊதாரி மைந்தன் உவமையும், காணாமற்போன ஆடு பற்றிய உவமையும் திரும்பி வருபவரை ஏற்பதற்கு ஆதரவாகக் கூறப்படுவன. மறுபுறம், எபிரேயர் நிருபத்தின் 6ஆம் அதிகாரம் ஒருமுறை ஒளி பெற்றுப் பின் விலகியவர்களை மீண்டும் புதுப்பிப்பது கூடாத காரியம் என்னும் கருத்தைத் தருகிறது. மனிதர் முன்னிலையில் தம்மை மறுதலிப்பவரைத் தாமும் தந்தையின் முன்னிலையில் மறுதலிப்பதாக இயேசு எச்சரித்ததும் மத்தேயு நற்செய்தியில் உள்ளது. இவ்விரு வகைப் பகுதிகளுக்கும் இடையே காணப்படும் இறுக்கமே பிற்கால விவாதங்களுக்கு அடிப்படையாயிற்று.

ஆதித் திருச்சபையில் விவாதம்

தேசியுவின் ஆணை

கி.பி. 250ஆம் ஆண்டு வாக்கில் உரோமைப் பேரரசர் தேசியு, பேரரசின் குடிமக்கள் அனைவரும் தேவர்களுக்குப் பலி செலுத்த வேண்டும் என ஆணையிட்டார். பலியிட்டவர்களுக்கு அதிகாரிகள் சான்றிதழ் வழங்கினர். எகிப்தில் கிடைத்த பாப்பிரசுத் தாள்களில் இத்தகைய சான்றிதழ்கள் பல இன்றும் உள்ளன. கிறித்தவர் பலர் சிறையும் சாவும் ஏற்றனர். ஆயினும் ஆணைக்குப் பணிந்தவர்களும் மிகப் பலர். இவர்கள் இலத்தீனில் 'லாப்சி', அதாவது 'விழுந்தவர்கள்' எனப்பட்டனர். இவர்களுள் மூன்று வகையினர் இருந்தனர்.

* விலங்குப் பலி செலுத்தியவர்கள்
* பலியிடாமல் சாம்பிராணி மட்டும் இட்டவர்கள்
* பலி எதுவும் செலுத்தாமல், செலுத்தியதாகச் சான்றிதழ் மட்டும் பெற்றவர்கள்

நெருக்கடி தணிந்ததும் இவர்களுள் பெரும்பாலோர் திருச்சபைக்குத் திரும்ப விரும்பினர். சிறையில் துன்புற்ற விசுவாசிகள் சிலர் அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்களைத் தாராளமாக வழங்கினர். இதனால் ஆயர்களின் அதிகாரம் கேள்விக்குள்ளாயிற்று.

சிப்பிரியானும் நொவாத்தியானும்

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகர ஆயர் சிப்பிரியான், நெருக்கடிக் காலத்தில் தலைமறைவாக இருந்தார். 251ஆம் ஆண்டில் திரும்பி வந்து, விழுந்தவர்களைப் பற்றித் தனி நூல் ஒன்றை எழுதினார். உடனடியாக எவரையும் சேர்ப்பது கூடாது என்பதும், எவரையும் என்றென்றைக்கும் தள்ளிவிடுவது கூடாது என்பதும் அவர் நிலைப்பாடு ஆகும். அவ்வாண்டு கார்த்தேசில் கூடிய ஆயர் மன்றம், சான்றிதழ் மட்டும் பெற்றவர்களைத் தனித்தனியே விசாரித்துச் சேர்க்கலாம் எனவும், பலியிட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் தவம் செய்து மரண வேளையில் ஒப்புரவு பெறலாம் எனவும் முடிவு செய்தது. சிறிது காலத்தில் புதிய நெருக்கடி நெருங்குவதாகத் தோன்றியபோது, தவத்தில் நிலைத்திருந்த அனைவரையும் உடனே சேர்த்துக்கொள்ள ஆயர்கள் இசைந்தனர். நற்கருணையின் வலிமை இல்லாமல் அவர்களை மற்றொரு சோதனைக்கு அனுப்புவது தகாது என்பது அவர்கள் கூறிய காரணம். சிப்பிரியான் 258ஆம் ஆண்டில் மறைச்சாட்சியாகக் கொல்லப்பட்டார்.

உரோமையில் நொவாத்தியான் என்பவர் இதற்கு நேர்மாறான கருத்தைக் கொண்டிருந்தார். நம்பிக்கையைத் துறந்தவரை மன்னிக்க இறைவனால் இயலும், ஆனால் திருச்சபைக்கு அவ்வுரிமை இல்லை என்று அவர் வாதிட்டார். தூயோர் மட்டுமே திருச்சபையின் உறுப்பினர் என்ற அடிப்படையில் அவர் தனிச் சபை ஒன்றை நிறுவினார். அது பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது.

நைசியா பொதுச்சங்கம்

325ஆம் ஆண்டு கூடிய முதலாம் நைசியா பொதுச்சங்கத்தின் 11ஆம் விதி, எவ்விதக் கட்டாயமும் இன்றி மறுதலித்தவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு தவத்தை விதித்தது. அவர்கள் மூன்று ஆண்டுகள் மறையுரை கேட்பவராகவும், ஏழு ஆண்டுகள் தாழ்ந்து பணிந்து நிற்பவராகவும், இரண்டு ஆண்டுகள் நற்கருணை பெறாமல் மன்றாட்டில் மட்டும் பங்கேற்பவராகவும் இருத்தல் வேண்டும். மரணத் தறுவாயில் உள்ள எவருக்கும் நற்கருணையை மறுக்கலாகாது என 13ஆம் விதி கூறுகிறது. அச்சங்கம் இவர்கள் கருணைக்குத் தகுதியற்றவர்கள் எனக் கருதினாலும் கருணை காட்டப்பட வேண்டும் எனத் தீர்மானித்தது.

இதே காலத்தில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் பிளவு தோன்றியது. 303ஆம் ஆண்டு தொடங்கிய தியோக்கிளேசியன் காலத் துன்புறுத்தலில் திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்கள் வழங்கிய அருட்சாதனங்கள் செல்லுமா என்பது அப்பிளவின் மையக் கேள்வியாகும். அருட்சாதனத்தின் ஆற்றல் அதை வழங்குபவரின் தூய்மையைச் சார்ந்ததன்று என்பதை இப்போ நகர அகுத்தீன் பின்னர் விரிவாக நிறுவினார்.

வெளிப்படைத் தவத்திலிருந்து தனி அறிக்கைக்கு

முதல் நூற்றாண்டுகளில் பெரும் பாவங்களுக்கான தவம் சபையார் அனைவரும் காண நடைபெற்றது. வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே இதற்கு வாய்ப்பு இருந்தது. மரக்கலம் உடைந்தவன் பற்றிக்கொள்ளும் பலகையாக மனந்திரும்புதலைத் தெர்த்துல்லியன் உருவகித்தார். 6ஆம் நூற்றாண்டு முதல் அயர்லாந்துத் துறவியரின் வழியே, குருவிடம் தனிமையில் பாவத்தை அறிக்கையிட்டுப் பலமுறை மன்னிப்புப் பெறும் முறை ஐரோப்பாவில் பரவியது. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்வதைக் கடமையாக்கியது. திரெந்துப் பொதுச்சங்கம் 1551இல் இதன் கோட்பாட்டை வரையறுத்தது.

மார்ட்டின் லூதர் 1517இல் வெளியிட்ட 95 கருத்துரைகளுள் முதலாவது, நம்பிக்கையாளரின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக அமைய வேண்டும் என்பதாகும். 1530ஆம் ஆண்டின் ஆக்சுபர்க்கு விசுவாச அறிக்கையின் 12ஆம் பிரிவு, திருமுழுக்குக்குப் பின் விழுந்தவர்கள் திரும்பி வரும்போதெல்லாம் மன்னிப்புப் பெறலாம் என்று கூறி, நொவாத்தியரின் கொள்கையைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. கால்வினிய மரபில் வந்த சீர்திருத்தத் திருச்சபைகள் இப்பொறுப்பைப் போதகரும் மூப்பரும் அடங்கிய சபை மன்றத்திடம் ஒப்படைத்தன.

தமிழில் பாவசங்கீர்த்தன நூல்

தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்திலேயே இப்பொருள் இடம்பெற்றுள்ளது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவியான என்றிக்கே என்றிக்கசு (அண்டிரிக் அடிகளார்) 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலையும், 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' நூலையும் அச்சிட்டார். அடுத்து 1580இல் கொச்சியில் அவர் அச்சிட்ட 'கொம்பெசியோனாயரு' பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான கையேடு ஆகும். நூலின் பெயர் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் ஒலிபெயர்ப்பாகும்.

பின்னாளில் தமிழ் ஞானோபதேச நூல்கள், நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு ஐந்து காரியங்கள் தேவை எனக் கற்பித்தன. அவையாவன:

* செய்த பாவங்களை நினைவுகூர்தல்
* அவற்றுக்காக மனம் வருந்துதல்
* இனிச் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல்
* குருவிடம் அறிக்கையிடுதல்
* விதிக்கப்பட்ட பரிகாரத்தை நிறைவேற்றுதல்

குரு இல்லாத இடங்களில் உத்தம மனஸ்தாபம் கொண்டு, வாய்ப்பு நேரும்போது அறிக்கையிடும் எண்ணத்துடன் இருப்பதே வழி எனவும் கற்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இக்கற்பித்தல் ஒரு தலைமுறைக் காலம் நடைமுறைத் தேவையாகவே ஆயிற்று.

ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணம்

பின்னணி

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் குடாநாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் திருமுழுக்குப் பெற்றனர். இவர்களுள் உள்ளத்தால் மதம் மாறியோர், ஆட்சியாளரின் அழுத்தத்தால் பெயரளவில் மாறிச் சைவராகவே வாழ்ந்தோர் என இரு சாராரும் இருந்தனர்.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை விதிக்கும் கட்டளை அதே ஆண்டில் பிறப்பிக்கப்பட்டது. போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. பிலிப்பு பால்டியசு என்னும் போதகர் 1665 வரை இங்குப் பணியாற்றினார். 1672இல் வெளியான அவரது நூல் இக்காலத்திற்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும்.

தோம்பும் வழிபாடும்

ஒல்லாந்தர் ஆட்சியில் மக்களைக் கட்டுப்படுத்திய கருவி பெரும்பாலும் வாளாக இருக்கவில்லை, பதிவேடாகவே இருந்தது. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் பள்ளி ஆசிரியர் பராமரித்த தோம்பில் திருமுழுக்கும் திருமணமும் பதியப்பட்டன. சீர்திருத்தத் திருச்சபை முறைப்படி பதியப்பட்ட திருமணமே சட்டப்படி செல்லும். அத்திருமணத்தில் பிறந்த பிள்ளைகளே சொத்துரிமைக்கு ஐயமின்றி உரியவராயினர். முதலியார் முதலிய பதவிகளைப் பெறவும் இத்திருச்சபையின் உறுப்பினராதல் வேண்டும். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோரிடம் தண்டப்பணம் அறவிடப்பட்டது.

எனவே கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்தரின் கோயிலுக்குச் சென்று, தன் பிள்ளைக்கு அங்கேயே திருமுழுக்குப் பெற்று, பின்னர் வீட்டினுள் செபமாலை சொல்லி வந்தது. கார்த்தேசில் சான்றிதழ் மட்டும் பெற்றவர்களின் நிலையும் இவர்களின் நிலையும் ஒத்தவை ஆகும். குருமார் எவரும் இல்லாத நிலையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. இதற்கிடையில் ஒரு தலைமுறையினர் நற்கருணையையோ பாவசங்கீர்த்தனத்தையோ காணாமல் வளர்ந்தனர்.

யோசப் வாஸ் வருகை

கோவாவில் 1651இல் பிறந்த யோசப் வாஸ், 1676இல் குருவானார். இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்வியுற்று, 1687ஆம் ஆண்டு யோவான் என்னும் உதவியாளருடன் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். இந்தியரான அவர் எளிய கூலியாளின் உடையில் இருந்ததால் ஒல்லாந்தக் காவலர் அவரை ஐயுறவில்லை. மன்னார் வழியாக யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கடும் நோயுற்றிருந்தார்.

உடல்நலம் தேறியதும் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாக இரந்து சென்றார். செபமாலையை அடையாளம் கண்டு நெருங்கியவர்களிடமே தாம் குரு என்பதை வெளிப்படுத்தினார். பின்னர் பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலை என்னும் ஊர் அவரது பணிக்கு மையமாயிற்று. திருப்பலிகளும் பாவசங்கீர்த்தனங்களும் இரவு வேளைகளில் நடைபெற்றன. திருமணங்கள் கத்தோலிக்க முறைப்படி ஒழுங்குபடுத்தப்பட்டன. ஒல்லாந்தக் கோயிலுக்குச் சென்று வந்தவர்கள் அறிக்கையிட்டு மீண்டும் நற்கருணை பெற்றனர்.

திரும்பி வருதல் செலவில்லாத செயலாக இருக்கவில்லை. சீர்திருத்தத் திருச்சபையிலிருந்து விலகுவோர் பதவியையும் சொத்துரிமையையும் இழக்க நேர்ந்தது. 1690ஐ ஒட்டிய காலத்தில், கிறித்து பிறப்புத் திருநாள் இரவில் வழிபாட்டுக்குக் கூடிய கத்தோலிக்கர் முந்நூறு பேர் வரை கைது செய்யப்பட்டனர். முன்பு ஒல்லாந்தரின் சமயத்தைத் தழுவியிருந்து பின்னர் கத்தோலிக்கத்திற்குத் திரும்பிய தொன் பேதுரு என்பவர் மிகக் கடுமையாக அடிக்கப்பட்டு இறந்தார் என வாஸ் அடிகளாரின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ஏனையோர் சிலருக்குக் கடூழியத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒருமுறை விழுந்தவர் இரண்டாம் முறை நிலைத்து நின்றார் என்னும் இச்செய்தி, பேதுருவின் வரலாற்றை ஒத்ததாக நினைவுகூரப்படுகிறது.

பின்விளைவுகள்

வாஸ் அடிகளார் பின்னர் புத்தளம் வழியாகக் கண்டி அரசுக்குச் சென்றார். அங்கு முதலில் சிறைப்பட்டாலும் பின்னர் அரசரின் ஆதரவைப் பெற்றார். 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் காலமானார். 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வசு அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய சமய நூல்கள் இப்பணியைத் தொடர உதவின. ஆங்கிலேயர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டு கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீக்கப்பட்டன. வாஸ் அடிகளாருக்கு 1995இல் அருளாளர் பட்டமும், 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன.

ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்றதும் தோம்பில் கிறித்தவராகப் பதியப்பட்டிருந்த மக்களுள் பெரும்பாலோர் வெளிப்படையாகச் சைவ வழிபாட்டைத் தொடர்ந்தனர். அவர்களைப் பொறுத்தவரை அது தம் முன்னோரின் சமயத்துக்குத் திரும்புதலே ஆகும். ஒரு சமயத்தாரின் பார்வையில் மறுதலிப்பாகத் தோன்றுவது மற்றொரு சமயத்தாரின் பார்வையில் மீட்சியாக அமைவதை யாழ்ப்பாண வரலாறு காட்டுகிறது. பதிவேட்டின் மூலம் ஏற்படுத்தப்பட்ட சமயச் சார்பு நிலைக்காததை வரலாற்றாய்வாளர்கள் சுட்டியுள்ளனர்.

ஆரணியும் ஆற்காடு மிஷனும்

யாழ்ப்பாணத்தில் அரச அதிகாரத்துடன் இயங்கிய ஒல்லாந்தச் சீர்திருத்த மரபு, 19ஆம் நூற்றாண்டில் அவ்வதிகாரம் இன்றி வட தமிழகத்திற்கு வந்தது. அமெரிக்காவின் ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர், 1820 முதல் அமெரிக்க மிஷனின் ஊழியராகப் பண்டத்தரிப்பில் பணியாற்றினார். சில்லாலை இதற்கு அருகிலேயே உள்ளது. பின்னர் அவர் சென்னைக்கு இடம் பெயர்ந்தார். அவருடைய மைந்தர் என்றி மார்ட்டின், வில்லியம், யோசேப்பு ஆகியோர் 1853இல் அமெரிக்க ஆற்காடு மிஷனை நிறுவினர். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணி நகரம், வேலூர், சித்தூர் ஆகியவற்றுடன் அம்மிஷனின் தொடக்க கால நிலையங்களுள் ஒன்றாகும்.

இம்மிஷனின் தாய்த் திருச்சபை 1563ஆம் ஆண்டின் ஐடல்பர்க்கு ஞானோபதேசத்தைத் தன் விசுவாச நூல்களுள் ஒன்றாகக் கொண்டது. யாழ்ப்பாணத்து ஒல்லாந்தப் போதகர்களின் திருச்சபையும் இதையே ஏற்றிருந்தது. விண்ணரசின் திறவுகோல்கள் நற்செய்திப் போதனையும் சபை ஒழுங்குமே என இந்நூலின் 83 முதல் 85 வரையுள்ள வினா விடைகள் கூறுகின்றன. இதன்படி தவறியவர் முதலில் தனியே எச்சரிக்கப்படுவார். திருந்தாவிடில் மூப்பர்களிடம் தெரிவிக்கப்பட்டுத் திருவிருந்திலிருந்து விலக்கப்படுவார். உண்மையான திருத்தத்தை வாக்களித்து அதைக் காட்டும்போது கிறித்துவின் உறுப்பினராக மீண்டும் ஏற்கப்படுவார்.

ஒரே ஞானோபதேசம் இரு இடங்களில் இரு வேறு விளைவுகளைத் தந்தது. யாழ்ப்பாணத்தில் சபை விலக்கு என்பது நிலத்தையும் பதவியையும் தொட்டது. ஆரணி போன்ற இடங்களில் அது திருவிருந்துப் பந்தியை மட்டுமே தொட்டது. இங்குக் கிறித்தவராயிருப்பதனால் அரச நன்மை எதுவும் கட்டாயமாக வருவதில்லை. மாறாக உறவினர், ஊரார், நிலவுடைமையாளர் ஆகியோரின் எதிர்ப்பே தவறுவதற்குக் காரணமாக அமையக்கூடியது. ஆகவே திரும்பி வருவதும் விலகிச் செல்வதும் அவரவர் மனச்சான்றைச் சார்ந்த செயல்களாயின.

ஆற்காடு மிஷனின் சபைகள் 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய திருச்சபையில் இடம்பெற்று, 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன.

ஏனைய நாடுகளிலும் பகுதிகளிலும்

திப்பு சுல்தான் 1784இல் மங்களூர்க் கத்தோலிக்கரைச் சிறைப்பிடித்துச் சீரங்கப்பட்டணத்திற்குக் கொண்டு சென்றார். அவர்களுள் பலர் கட்டாயத்தால் மதம் மாறினர். 1799இல் திப்பு வீழ்ந்தபின், அவ்வாறு மாறியவர்களை மீளச் சேர்க்கும் பணியில் பிரெஞ்சுக் குருவான துபுவா ஈடுபட்டார். 1823இல் வெளியான அவரது கடிதத் தொகுப்பு, தம் மந்தையினர் எதிர்ப்பின்றிப் பணிந்ததைக் கசப்புடன் குறிப்பிடுகிறது. எனினும் திரும்பி வந்தவர்களை அவர் ஏற்றார்.

சப்பானில் 17ஆம் நூற்றாண்டு முதல் கிறித்தவர்கள் புனிதப் படங்களை மிதித்துத் தம் மறுப்பைக் காட்டுமாறு வற்புறுத்தப்பட்டனர். பலர் மிதித்துவிட்டு வீடு திரும்பி, உத்தம மனஸ்தாபச் செபத்தைச் சொல்லி இரகசியமாக நம்பிக்கையைத் தொடர்ந்தனர். குருமார் இன்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் 1865இல் நாகசாகியில் தம்மை வெளிப்படுத்திக்கொண்டனர். சுசாக்கு எண்டோ 1966இல் எழுதிய 'மௌனம்' என்னும் புதினம் இப்பின்னணியில் அமைந்தது.

இன்றைய நடைமுறை

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, கிறித்தவ நம்பிக்கையை முற்றிலும் துறப்பவர் திருச்சபை விலக்குக்கு உள்ளாகிறார். அச்சத்தினாலும் கட்டாயத்தினாலும் செய்யப்படும் செயல்களில் பொறுப்பு குறைவதை அச்சட்டம் ஏற்கிறது. மனம் வருந்தித் திரும்புபவரின் விலக்கு நீக்கப்பட்டு, ஒப்புரவு அருட்சாதனத்தின் வழியாக அவர் மீண்டும் ஏற்கப்படுகிறார். இரண்டாம் முறை திருமுழுக்கு வழங்கப்படுவதில்லை. தமிழகக் கத்தோலிக்கர் முன்னாளில் விபூதிப் புதன் என அழைத்த சாம்பல் புதனில் தொடங்கும் தவக்காலம், இதற்குரிய சிறப்புக் காலமாகக் கருதப்படுகிறது.

தென்னிந்தியத் திருச்சபையில் திருவிருந்து ஆராதனையின் பகுதியாகச் சபையார் அனைவரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்கின்றனர். அதன்பின் ஆயர் மன்னிப்பின் நிச்சயத்தை அறிவிக்கிறார். லெந்து நாட்கள் எனப்படும் தவக்காலம் இங்கும் மனந்திரும்புதலுக்கு உரியதாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மதிப்பீடு

மன்னிப்பை எளிதாக்கினால் துன்பத்தில் நிலைத்து நின்றவர்களின் உறுதி மதிப்பிழக்கும் என்பதும், கடினமாக்கினால் அஞ்சியவர்கள் நம்பிக்கை இழந்து முற்றிலும் விலகிவிடுவர் என்பதும் இப்பொருளில் எழும் இரு கவலைகளாகும். நொவாத்தியான் முதல் கவலைக்கும், கார்த்தேசில் பரிந்துரைக் கடிதம் வழங்கியோர் இரண்டாவதற்கும் முதன்மை அளித்தனர். பெரும்பான்மைத் திருச்சபைகள் ஏற்றுக்கொண்டது சிப்பிரியானின் இடைவழியாகும். அதாவது மன்னிப்பு எவருக்கும் மறுக்கப்படுவதில்லை, ஆயினும் தவற்றை வாயால் ஒப்புக்கொள்ளாமல் அது கிடைப்பதில்லை.

1752இல் கொல்லப்பட்டு 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை போன்று இறுதிவரை நிலைத்தவர்களின் வரலாறு பரவலாக அறியப்பட்டது. தோம்பில் ஒரு பெயரும் செபத்தில் ஒரு பெயருமாக வாழ்ந்த யாழ்ப்பாணக் குடும்பங்களின் பெயர்கள் பெரும்பாலும் அறியப்படவில்லை. எனினும் வாஸ் அடிகளார் காலத்தில் மீண்டும் உருப்பெற்ற யாழ்ப்பாணத் திருச்சபை, அவ்வாறு திரும்பி வந்தவர்களைக் கொண்டே அமைந்தது.

இவற்றையும் பார்க்க

* பேதுரு (திருத்தூதர்)
* ஒப்புரவு அருட்சாதனம்
* யோசப் வாஸ்
* ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணம்
* தம்பிரான் வணக்கம்
* ஆரணி
* தவக்காலம்